கெப் வண்டியின் பின்தட்டில் காற்று டாங்கியை அசையாமல் பொருத்துவது: மலைப்பாதைக்கான முழுமையான வழிகாட்டி

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று பின்னால் "புஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த தம்பி, "அண்ணே, டயர் போயிருச்சு" என்றான். பஞ்சர் ஒட்டப் போகிற வண்டிக்கே பஞ்சரா என்று வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கினால், நான்கு டயரும் கல் மாதிரி நிற்கின்றன. போனது டாங்கியின் காற்று. டாங்கியின் கால் ஒன்றுக்கு அடியில் இருந்த ரப்பர் கழன்று, டாங்கி ஒரு பக்கம் சரிந்து, அடிவயிற்றில் இருந்த தண்ணீர் இறக்கும் வால்வு தட்டின் மேட்டில் மோதி ஒடிந்துவிட்டது. முழுக் காற்றும் போய் முடியும்வரை இரண்டு பேரும் தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் போய் நின்றோம்.

நான் அன்று கவனித்தது ஒன்றுதான். கயிறு அவிழவில்லை. முடிச்சு போட்டபடியே இருந்தது. கயிற்றுக்குள்ளேயே டாங்கி நடந்து போயிருந்தது.

கொழும்புப் பக்கத்து நேர் ரோட்டில் பிரேக்குக்காகத்தான் சாமான்களைக் கட்டுவார்கள். இங்கே நிலைமை வேறு. வளைவும் குலுக்கலும் ஓயாமல் டாங்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். கட்டு மட்டும் இருந்து அடித்தளம் இல்லாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் அரை மணி நேரத்தில் தளரும். ஆகவே முதலில் அடி, அப்புறம் அணைப்பு, கடைசியில்தான் கட்டு. கீழே சொல்வதெல்லாம் டயர் வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் தோட்டத்து மெஷின் வேலைக்கும் கொண்டுபோகும் 50 முதல் 100 லீற்றர் வரையான காற்று டாங்கிக்கானது, தனி டாங்கி என்றாலும் பம்பும் மோட்டாரும் தலையில் ஏறிய கொம்பிரஸர் என்றாலும். ஒட்சிசன், அசெட்டிலீன், சமையல் வாயு சிலிண்டர்களின் கதை வேறு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

ஏற்றும் முன் டாங்கியைப் பாருங்கள்

100 லீற்றர் டாங்கியில் 8 பார், டயர்கடைக் கணக்கில் 116 பவுண் காற்று இருக்கிறது என்று வையுங்கள். உள்ளே அடைத்திருக்கும் காற்றின் எடை ஏறக்குறைய ஒரு கிலோதான். ஆனால் அது ஒரே நொடியில் வெளியே வந்தால் விடும் சக்தி சுமார் 100 கிலோ ஜூல். 1500 கிலோ கார் ஒன்று மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்து மோதுவதும் ஏறக்குறைய அதே அளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு டாங்கியைச் சுற்றி ஒரு முறை வாருங்கள்.

முதலில் தகடு. தயாரிப்பாளர் ஒட்டிய தகட்டில் உச்ச அழுத்தம், கொள்ளளவு, வருடம் இருக்க வேண்டும். தகடு இல்லாத டாங்கியை நான் வண்டியில் ஏற்றமாட்டேன். பழைய காஸ் சிலிண்டரை வெட்டி ஒட்டியது, பி.வி.சி. குழாயில் செய்தது என்று ஊரில் பல வித்தைகள் உண்டு. பி.வி.சி. வெடித்தால் கண்ணாடி மாதிரித் துண்டு துண்டாகப் பறக்கும். வேண்டவே வேண்டாம்.

அடுத்தது அடிவயிறு. அழுத்திய காற்றில் இருக்கும் ஈரம் தண்ணீராகி டாங்கியின் அடியில் தேங்கும். நாட்டிலேயே மழை அதிகமான இடங்களில் ஒன்று வட்டவளை. அந்தப் பக்கத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா? வால்வைத் திறந்ததும் வரும் தண்ணீர் வெளிர் பழுப்பாக இருந்தால் உள்ளே துரு தொடங்கிவிட்டது. தவிட்டு நிறத்தில் செதிள் செதிளாக வந்தால் அந்த டாங்கியின் காலம் முடிந்தது. சந்தேகம் இருந்தால் தண்ணீர் நிரப்பி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். காற்றை நிரப்பி அல்ல. தண்ணீர் சுருங்காது என்பதால் டாங்கி கிழிந்தாலும் ஒழுகுவதோடு போய்விடும்.

பலரும் பார்க்காமல் விடுவது கால்கள் ஒட்டிய வெல்டிங்கை. கடைக் கொம்பிரஸரின் கால்கள் சிமெண்டுத் தரையில் நிற்பதற்குச் செய்தவை. வண்டியின் அதிர்ச்சி மாதக்கணக்கில் அந்த வெல்டிங்கின் ஓரத்திலேயே இறங்கும், அங்கேதான் தலைமுடி மாதிரி வெடிப்பு முதலில் வரும். துணியால் துடைத்து, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பெயின்டில் துருநிறக் கோடு ஒன்று தெரிந்தால் டாங்கியை இறக்கிவிடுங்கள். அதன்மேல் வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அழுத்தம் தாங்கும் டாங்கியில் கண்டபடி வெல்டிங் வைப்பதும் துளைபோடுவதும் கூடாது.

காற்றோடு போவதா, இறக்கிவிட்டுப் போவதா

கொம்பிரஸரோடு வரும் கையேடுகள் பொதுவாகச் சொல்வது, காற்றை இறக்கிவிட்டு ஏற்றுங்கள் என்பதுதான். போகும் இடத்தில் கரண்ட் இருக்கிறது, அல்லது உங்களுடையது பெற்றோல் இயந்திரம் என்றால் அப்படியே செய்யுங்கள். நிரப்ப ஆகும் சில நிமிடங்களுக்காக அந்த 100 கிலோ ஜூலை முதுகுக்குப் பின்னால் சுமந்துகொண்டு வளைவு இறங்குவதில் அர்த்தமில்லை.

மேட்டு லயத்துக்குப் பக்கத்தில் படுத்துவிட்ட திரீவீலருக்குக் கரண்ட் எங்கே கிடைக்கும்? அதற்காகக் காற்றோடுதான் போக வேண்டும் என்றால், லொறிகளின் எயார் பிரேக்கில் வரும் டாங்கி மாதிரி, வண்டியிலேயே ஓடுவதற்கென்று செய்த டாங்கியை வாங்குவது நல்லது. அவை பிறந்ததே குலுக்கலுக்கு. கடை டாங்கியைத்தான் கொண்டுபோவேன் என்றால் தேவையான அளவு மட்டும் நிரப்புங்கள். 100 லீற்றரில் 115 பவுண் இருந்தால், 40 பவுணுக்கு இறங்கும்வரை 30 லீற்றர் கொள்ளும் கார் டயர்கள் ஏழுக்கு 32 பவுண் அடிக்கலாம். ஆனால் கொழுந்து லொறியின் டயருக்கு இது ஆகாது. டாங்கியும் டயரும் ஒரே அளவு என்றால் இரண்டும் 57 பவுணில் வந்து நின்றுவிடும். "டாங்கி நிறையக் காத்து இருக்கே" என்று லொறிக்காரரிடம் வாய் விட்டுவிட்டு நான் அசடு வழிந்திருக்கிறேன்.

இன்னொன்று. கொழும்பில் 30 பாகை வெயிலில் 115 பவுண் நிரப்பி, 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு 15 பாகைக் குளிரில் வந்து சேர்ந்தால் கேஜ் 111, 112 என்று காட்டும். ஒழுக்கு என்று நினைத்துச் சோப்புத் தண்ணீர் தேடவேண்டாம். குளிர் ஆறு, ஏழு பவுணை இறக்குகிறது. வெளிக்காற்று மெலிவது மூன்று பவுணை ஏற்றுகிறது. மறுபக்கம்தான் கவனம். நுவரெலியாக் குளிரில் 115 நிரப்பி இறங்கி, வெயிலில் நிறுத்தி டாங்கி 50 பாகைக்குச் சூடானால் 127க்கு மேல் போகும். கீழே போகிற நாளில் நான் 100க்கு மேல் நிரப்புவதில்லை.

எந்த இடம், எந்தப் பக்கம்

இதில்தான் ஆளுக்கு ஆள் ஒன்று சொல்வார்கள். என் பதில்: முன்பக்கம், கெபினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்போடு ஒட்டி, வண்டிக்குக் குறுக்காக.

காரணம் கணக்கில் இருக்கிறது. பம்பும் மோட்டாரும் தலையில் இருக்கும் 80 கிலோ கொம்பிரஸர் ஒன்றை எடுங்கள். அதன் பார மையம் தரையிலிருந்து சுமார் 45 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். குறுக்குவாட்டில் கால்களுக்கு இடையே 35 சென்ரிமீற்றர், நீளவாட்டில் 70. 15 மீற்றர் ஆரமுள்ள கொண்டைஊசி வளைவில் மணிக்கு 25 கிலோமீற்றரில் திரும்பினால், எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 26 கிலோ, டாங்கியைப் பக்கவாட்டில் தள்ளும். 35 கிலோமீற்றரில் திரும்பினால் 51 கிலோ. வேகம் பத்துத்தான் கூடியது, தள்ளுவது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. டாங்கியை வண்டிக்கு நெடுக்காக வைத்திருந்தால் 35 சென்ரிமீற்றர் அகலத்தில் நின்றுகொண்டு இதைத் தாங்க வேண்டும். எடையில் 39 சதவீதம் பக்கவாட்டில் தள்ளினாலே அது கவிழும். குறுக்காக வைத்தால் அந்த எல்லை 78 சதவீதம். கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் 18 வளைவிலோ ரம்பொடையிலோ ஒரு முறை ஓட்டியவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

குறுக்காக வைத்தால் பிரேக் பிடிக்கும்போது முன்னால் சாயாதா என்று கேட்பீர்கள். சாயும். அதைத் தாங்கத்தான் தடுப்பு. சாமான் கட்டும் விதிமுறைகளில் வழக்கமாக முன்பக்கத்துக்கு எடையில் 80 சதவீதமும், பக்கங்களுக்கும் பின்னுக்கும் 50 சதவீதமும் தாங்க வேண்டும் என்று கணக்கு வைப்பார்கள். முன்னால் வரும் பெரிய பங்கைத் தடுப்பிடம் விட்டுவிடலாம். ஆனால் டாங்கிக்கும் தடுப்புக்கும் நடுவே இடைவெளி இருக்கக்கூடாது. இரண்டு அங்குல இடைவெளி விட்டால் ஒவ்வொரு பிரேக்கிலும் அது சம்மட்டி மாதிரி அடிக்கும். இடையில் பழைய டயர்த் துண்டு ஒன்றை நெருக்கி வையுங்கள். பின் கண்ணாடிக்கு மேல் பம்ப் உயர்ந்து நின்றால் கண்ணாடிக்கு ஒரு இரும்புக் கம்பி வலை போடுங்கள்.

பின்கதவுப் பக்கம் வைத்தால் ஏற்றி இறக்கச் சுகம்தான். ஆனால் அச்சுக்குப் பின்னால் இருக்கும் பாரம் தோட்டத்து ரோட்டில் துள்ளும் துள்ளல் வேறு, அது போல்ட்டுகளைப் பிடுங்கிவிடும்.

அடித்தளம்

பெயின்ட் அடித்த ஈரத் தட்டில் இரும்புக் கால் வழுக்க அதிகம் தேவையில்லை. எடையில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளினாலே போதும். கீழே தடித்த ரப்பர் பாய் விரித்தால், காய்ந்திருக்கும்போது பாதிக்கு மேல் தாங்கும். அதனால் எந்த முறை என்றாலும் ரப்பர் பாய் முதலில்.

உங்கள் சொந்த வண்டி என்றால் 40க்கு 40, 5 மில்லிமீற்றர் எங்கிள் அயனில் டாங்கியின் அளவுக்கு ஒரு சட்டம் செய்யுங்கள். வெல்டிங் பாஸிடம் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் காது வைத்துத் தரச் சொல்லுங்கள், பிறகு ராட்செட் பட்டி மாட்ட உதவும். சட்டத்தை 10 மில்லிமீற்றர் போல்ட் நான்கால், தலையில் 8.8 என்று அடித்திருப்பவையாகப் பார்த்து, தட்டோடு பூட்ட வேண்டும். தட்டின் தகடு மெல்லியது. வெறும் வொஷர் வைத்தால் ஒரு நாள் போல்ட் வொஷரோடு தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். கீழே 5 மில்லிமீற்றர் தடிப்பில் கையகலத் தகடு வைத்து, தளராத நைலோன் நட்டால் இறுக்குங்கள். தட்டுக்கு அடியில் குறுக்குச் சட்டம் போகும் இடம் கிடைத்தால் அதிலேயே பூட்டுவது இன்னும் நல்லது. தட்டின் மேடு பள்ளத்தில் பள்ளத்தில்தான் துளைபோட வேண்டும். மேட்டில் போட்டு இறுக்கினால் மேடு நசுங்கும், நசுங்கியதும் போல்ட் தளரும்.

துளைபோடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் டாங்கி, பிரேக் குழாய், வயர் கட்டு எல்லாம் எங்கே போகின்றன என்று பார்த்துச் சோக்கட்டியால் மேலே குறித்துக்கொள்ளுங்கள். துளையின் ஓரத்துக்குத் துரு தடுக்கும் பெயின்ட், போல்ட்டைச் சுற்றி சிலிக்கோன். இல்லாவிட்டால் அடுத்த ஆனி ஆடி மழைக்கு அந்தத் துளை இரட்டிப்பாகும்.

வாடகை வண்டி, துளைபோட முடியாது என்றால் பலகை வழி. நான்குக்கு இரண்டு அங்குலப் பலகைகளைத் தடுப்பிலிருந்து சில்லு வளைவு வரை அளந்து வெட்டி, டாங்கி உட்காரும் பெட்டி மாதிரி ஆணியடித்து, நான்கு பக்கமும் தட்டுக்குள் இறுகும்படி ஆப்பு வையுங்கள். எங்கள் பக்கம் டர்பன்டைன் மரம் தாராளம், பாரமும் உறுதியும் உண்டு.

அணைப்பு

சட்டத்தில் டாங்கியின் கால்களை நேரே போல்ட் போட்டு முறுக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. சட்டம் கொஞ்சம் கோணலாக இருந்தால் போல்ட்டை இறுக்க இறுக்கக் கால் வளைந்து, அந்த இழுவை டாங்கியின் தோலில் ஏறி உட்காரும். மேலே சொன்ன தலைமுடி வெடிப்பு அப்படித்தான் பிறக்கிறது. கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்து, போல்ட்டை ரப்பர் கொஞ்சம் அமுங்கும் அளவுக்கு மட்டும் பூட்டுங்கள். காலின் வேலை இடம் பிடித்து நிற்பது மட்டும்.

பாரத்தைத் தாங்க வேண்டியது வயிறு. இரண்டு மரக்கட்டைகளை டாங்கியின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து, பழைய டியூப் ரப்பர் ஒட்டி, இரு முனைகளுக்குக் கிட்ட டாங்கிக்கு அடியில் கொடுங்கள். மேலே 40 மில்லிமீற்றர் அகலப் பட்டை இரும்பு வளையம், அதற்கும் உள்ளே ரப்பர், இருபுறமும் சட்டத்தோடு போல்ட். ரப்பரின் ஓரம் லேசாகப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும். காற்று ஏறும்போது டாங்கி கொஞ்சம் விரியும், அதற்கு அந்த ரப்பர் இடம் கொடுக்கும். மரக்கட்டைக்கும் டாங்கிக்கும் நடுவே தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும் என்பதால் வருடத்தில் ஒரு முறை கழற்றிப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

பட்டி

இதற்குப் பிறகுதான் ராட்செட் பட்டி, அதாவது பல்சக்கரப் பிடியால் இறுக்கும் நாடா. கயிறு நனைந்தால் ஒரு நீளம், காய்ந்தால் ஒரு நீளம். நைலோன் கயிறு ரப்பர் மாதிரி இழுபடும். கொக்கி வைத்த இலாஸ்டிக் கயிறு தார்ப்பாய்க்கு மட்டும். பட்டி வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். நீல லேபிள் என்றால் பொலியெஸ்டர், அதுதான் குறைவாக இழுபடும். தாங்கும் அளவு டெக்கா நியூட்டனில் இருக்கும், அதைக் கிலோ என்றே எடுத்துக்கொள்ளலாம். இந்த வேலைக்கு 25 மில்லிமீற்றர் பட்டி நான்கு போதும். 50 மில்லிமீற்றர் பட்டியை வாங்கி முழுப் பலத்தையும் காட்டினால் கொக்கி மாட்டிய காதே வளைந்துவிடும்.

முன் இரண்டும் டாங்கியின் மேல்பக்க வளையத்திலிருந்து தட்டின் முன் மூலைகளுக்கு. மேட்டில் வண்டியை எடுக்கும்போது டாங்கி பின்னால் சாயாமல் பிடிப்பவை இவைதான். பின் இரண்டும் பின்னோக்கிச் சாய்ந்து பக்கக் கொக்கிகளுக்கு. நான்கும் கீழ்நோக்கிச் சாய்ந்தே இழுக்க வேண்டும், கிடையாக இழுக்கும் பட்டி டாங்கி துள்ளுவதைத் தடுக்காது. பம்பிலோ, பெல்ட் மூடியிலோ, செப்புக் குழாயிலோ கொக்கியை மாட்டாதீர்கள். பட்டி கூரான ஓரத்தில் உரசும் இடத்தில் ஹோஸ் துண்டு ஒன்றை நெடுக வெட்டிப் போர்த்துங்கள். நீளமான பட்டியில் ஒரு அரை முறுக்கு விட்டால் காற்றில் அதிர்ந்து பாடாது. மிச்ச வாலை முடிந்து வையுங்கள்.

வால்வு, ஹோஸ், ஆட்கள்

எனக்கு ஒடிந்த அந்த வால்வுக்கு வருகிறேன். அடியில் நேராகத் தொங்கும் வால்வைக் கழற்றி, அங்கே இரும்பு எல்போ ஒன்று, அதிலிருந்து ஒரு சாண் குழாய், குழாயின் முனையில் வால்வு என்று பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். குழாயைச் சட்டத்தில் கிளிப் போட்டுப் பிடித்தால் அதிர்ச்சியில் ஒடியாது. வால்வு சட்டத்துக்குள்ளேயே நிற்கட்டும், வெளியே நீட்டினால் ஜெக்கோ சில்லோ வந்து மோதும். கைக்கு எட்டுவதால் தினமும் தண்ணீர் இறக்கவும் சோம்பல் வராது.

டாங்கியின் வாயில் ஒரு போல் வால்வு வைத்து, ஓடும்போது மூடி, ஹோஸைக் கழற்றிச் சுருட்டி வையுங்கள். சேஃப்டி வால்வின் வளையம் பட்டியிலோ தார்ப்பாயிலோ சிக்கக்கூடாது. அதன் வாய் கெபினைப் பார்த்தும் இருக்கக்கூடாது. பெற்றோல் கேன் அந்தப் பக்கமே வேண்டாம்.

அப்புறம் ஆட்கள். தோட்டத்து ரோட்டில் மழைக்கு நிற்கும் அக்காமார் கையைக் காட்டினால் ஏற்றாமல் போக மனம் வராது. ஆனால் டாங்கி இருக்கும் தட்டில் யாரையும் ஏற்ற வேண்டாம். முன்னால் ஒருவருக்கு இடம் இருந்தால் முன்னால் ஏற்றுங்கள்.

முதல் ஓட்டம்

காற்றில்லாமல் ஓட்டிப் பாருங்கள். முதலில் நின்ற இடத்தில் டாங்கியின் தலையைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். டாங்கி ஆடினால் வண்டியும் சேர்ந்து ஆட வேண்டும், டாங்கி மட்டும் ஆடினால் வேலை முடியவில்லை. பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும் சட்டத்தின் மேலும் சேர்ந்தாற்போல் பெயின்டில் ஒரு கோடு இழுங்கள். நான் வீட்டிலிருந்த நகப்பூச்சைத்தான் எடுத்தேன், சிவப்பு, நன்றாகத் தெரிகிறது. அதற்கு வீட்டில் வாங்கிய பேச்சு தனிக்கதை. நட்டு ஒரு நூல் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

ஐந்து கிலோமீற்றர் ஓட்டி நிறுத்துங்கள். பட்டிகள் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்கள். ஒரு கல்ரோடும் நான்கைந்து வளைவும் பார்த்துவிட்டுக் கோடுகளைப் பாருங்கள். எல்லாம் நேராக இருந்தால் பாதிக் காற்றோடு ஒரு ஓட்டம், அப்புறம் வழக்கமான அளவு.

அதன்பின் தினமும் வேலை முடிந்ததும் தண்ணீர் இறக்குவது, புறப்படும்போது பட்டியைக் கையால் தட்டிப் பார்ப்பது. மாதத்தில் ஒரு நாள் சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பீச்சவிட்டு, வண்டிக்கு அடியில் போய்த் தகடுகளையும், டோர்ச்சோடு கால் வெல்டிங்கையும் பாருங்கள். ராட்செட்டின் பல்லில் ரோட்டுத் தூசி ஏறிச் சிக்கும், பிரஷ்ஷால் தட்டி ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். எண்ணெய் பட்டியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.